சேற்றுக்கடியில் மீட்புப் பிடி

கண்ணால் காணாத பொருளுக்குத் தமிழில் பெயர் வைப்பதில்லை என்பது என் நெடுநாள் பிடிவாதம். கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் அதை விடாமல் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. அந்தப் பிடிவாதமே இம்முறை என்னைப் பாளையங்கோட்டையிலிருந்து ஐதராபாத்துக்கு இழுத்துச் சென்றது.

என் தங்கை மகள் எழிலி அங்கே ஒரு வண்டிக் குழுவில் இருக்கிறாள். வாரம் முழுவதும் கணினி அலுவலகத்தில் வேலை. ஞாயிறு வந்தால், சாலையே இல்லாத இடமாகத் தேடிப் பாறையிலும் மணலிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுவது அக்குழுவினரின் இன்பம். அப்படி ஓட்டினால் வண்டி சிக்கும். சிக்கினால் இன்னொரு வண்டி கயிறு பூட்டி இழுக்கும். வண்டியின் எந்த உறுப்பில் கயிற்றைப் பூட்டலாம், எதில் பூட்டினால் உயிருக்கே கேடு என்பதை விளக்கும் கையேடு ஒன்று அவர்களிடம் ஆங்கிலத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் புதிதாகத் தொடங்கவிருக்கும் கிளைக்கு அது தமிழில் வேண்டும் என்று எழிலி தொலைபேசியில் கேட்டாள்.

"கயிறு பூட்டும் அந்த இடம் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?" என்றேன்.

"ரெக்கவரி பாயிண்டா? வளையம் மாதிரி இருக்கும், பெரியம்மா. ஆனா வளையமெல்லாம் அது இல்ல."

இப்படி ஒரு விடையைக் கேட்டபின் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்க்க எனக்கு எங்ஙனம் மனம் வரும்? அதற்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது. சிக்கிய வண்டிகளை மீட்கும் பொறுப்பை அதுவரை இம்தியாஸ் என்னும் மூத்தவர் வகித்து வந்தார். முதுகுவலி காரணமாக அவர் விலக முடிவு செய்திருந்தார். எழிலியும் சைதன்யா என்னும் இளைஞரும் அவருடைய இடத்தைக் கேட்டிருந்தனர். வரும் ஞாயிறன்று இருவருக்கும் சோதனை.

"ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் 'அப்புறம் பார்க்கலாம்'னுட்டாங்க. இந்தத் தடவையும் இல்லைன்னா நான் குழுவை விட்டே போயிடுவேன்" என்றாள். அவள் குரலில் வீம்பு இருந்தது. வீம்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அன்றே பயணத்துக்கு ஆயத்தமானேன்.

வியாழக்கிழமை காலை செகந்திராபாத்தில் இறங்கினேன். நிலையத்தின் வாயிலில் சுண்டக் காய்ந்த பாலின் மணம். சைனிக்புரிக்கு ஒரு தானி அமர்த்தினேன். ஆட்டோவைத் தானி என்று எழுதுவது என் வழக்கம். ஓட்டுநரிடம் ஆட்டோ என்றுதான் சொல்வேன், பயணம் போய்ச் சேர வேண்டுமே. சிறிது தூரம் சென்றதும் அவர் தலையைத் திருப்பி இந்தியில் வேண்டினார்: "அம்மா, மாரெட்பள்ளியில் என் மகளின் பள்ளி. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்." ஆசிரியையாக இருந்தவள் இதற்கு மறுப்புச் சொல்ல முடியுமா?

டப்பா பள்ளி வாயிலைச் சேர்ந்தது. எங்கள் தானி மட்டும் அவ்விடத்தைவிட்டு நகர மறுத்தது. ஓட்டுநர் நெம்பினார், திருகினார், இறைவனை அழைத்தார். அவ்வழியே ஸ்கூட்டரில் வந்த ஒருவர், யார் எவர் என்று கேட்காமல், தம் இடது காலை நீட்டித் தானியின் பின்புறத்தில் ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரும் தானியும் ஒரே விலங்கு போல மாரெட்பள்ளிக் கடைத்தெருவைக் கடந்தன. எனக்கோ அச்சம்.

"அவருடைய கால்?" என்றேன்.

"எங்கே ஊன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அம்மா. புகைக்குழாயில் வைத்தால் செருப்பு உருகிவிடும். விளக்கில் வைத்தால் என்னிடம் உதை வாங்குவார்" என்றார் ஓட்டுநர். இயந்திரம் இருமிக்கொண்டு உயிர் பெற்றதும் ஸ்கூட்டர்காரர் கையை உயர்த்திவிட்டு ஒரு சந்தில் மறைந்தார். நெல்லையில் இவ்வுதவி கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எந்த ஊர், யார் வீடு' என்று விசாரித்த பிறகுதான் கிடைக்கும்.

சைனிக்புரி, படையிலிருந்து ஓய்வு பெற்றோர்க்காக உருவான குடியிருப்பு. அங்கே மரங்கள்கூட ஒழுங்காக நிற்கின்றன. என் தங்கை கண்மணியின் கணவர் தங்கராசு படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர். பணி முடிந்தும், படையில் பழகிய வண்ணத் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பூந்தொட்டிகளுக்குக் காவி, விளிம்புக்கு வெள்ளை. வேப்பமரத்தின் இடுப்புக்குச் சுண்ணப் பட்டை. வாயிற்கதவு, தண்ணீர்க் குழாய், துணி உலர்த்தும் கம்பம் என எல்லாவற்றிலும் புது வண்ணம் மின்னியது.

"அக்கா, ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காராத. உனக்கும் ஒரு கோட்டு போட்டுருவாரு" என்றாள் கண்மணி.

"வாங்க மதினி. படையில அப்படித்தான். அசையாட்டா பெயிண்ட், அசைஞ்சா சல்யூட்" என்றார் தங்கராசு, சிரிக்காமல்.

பகலுணவுக்குப் புளிச்சகீரைத் துவையல். கோங்கூரா என்று இவ்வூரார் கொண்டாடும் அதைக் கண்மணி நல்லெண்ணெய் ஊற்றி, நம் ஊர்ச் சுட்ட அப்பளத்தோடு வைத்தாள். இரண்டு மாநிலங்களின் நீர்ப்பூசல்களைப் பேசித் தீர்க்கும் அவையில் இந்த இணையைப் பரிமாறலாம். மாலையில் எழிலி வந்தாள். நான் வைத்த பெயர் அது. மழைமுகில் என்று பொருள். 'ழ'கரம் வாயில் நுழையாத நண்பர்கள் அவளை 'எல்லி' ஆக்கிவிட்டனர். வந்ததும் வராததுமாக வண்டிக் கொட்டகைக்கு என்னை இழுத்துச் சென்றாள். அங்கே தங்கராசுவின் பழைய ஜீப், உறை போர்த்தி, துயிலும் எருமை போல நின்றது.

"இதோட முன்பக்கத்துல நானும் இம்தியாஸ் பாயும் ரெண்டு பாயிண்ட் மாட்டியிருக்கோம், பெரியம்மா. நாளைக்கு அமீர்பேட் போய் முதல்ல தப்பானதெல்லாம் பாருங்க. அப்புறம் சரியானது தன்னால புரியும்."

கற்பிக்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மெட்ரோவில் அமீர்பேட் சென்றோம். வண்டி மாறும் அந்த நிலையத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நடத்திக்கொண்டு போய்விடுகிறது. வெளியே வந்தால் கட்டடங்களைக் காண முடியாதபடி பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள். தெருவோரத்தில் பெசரட்டு தின்றோம். பச்சைப்பயற்று மாவில் வார்த்த தோசைதான். உள்ளே உப்புமாவை வைத்து மடித்திருந்தார்கள். உப்புமா என்றால் நம் வீட்டில் முகம் சுளிப்போர், அதைத் தோசைக்குள் ஒளித்துத் தந்தால் ஏமாந்து தின்பர்.

சைதன்யா அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் மென்பொருள் கற்பிக்கிறார். விசாகப்பட்டினத்துக்காரர், நல்ல உயரம், எப்போதும் நகைக்கும் முகம். கட்டடத்தின் கீழ்த்தள நிறுத்தத்தில் அவருடைய புதிய வண்டி நின்றது. பின்புறத்தில் வெள்ளி போல மின்னும் ஓர் இரும்புக் குண்டு. இழுவண்டிகளைக் கோப்பதற்கானது. நம் ஊரிலும் பல மகிழுந்துகளில் இதை அணிகலனாகக் கண்டிருக்கிறேன்.

"இதில் கயிற்றை மாட்டலாம் போலிருக்கிறதே" என்றேன்.

எழிலி தலையில் கை வைத்தாள். "அதுதான் பெரியம்மா முதல் தப்பு! சிக்கின வண்டிய வெடுக்குனு இழுக்கும்போது இந்தக் குண்டு கழுத்தோட முறிஞ்சா, கயிறு அதைக் கவண்கல் மாதிரி எறியும். கண்ணாடிய உடைச்சுட்டு உள்ள உக்காந்திருக்கறவர் மேல வரும்."

பிறகு வண்டிக்கடியில் ஒரு விரிப்பைப் போட்டாள். இந்த வயதில் ஒரு வாகனத்தின் அடிவயிற்றைப் படுத்துக்கொண்டு ஆராய்வேன் என்று நான் எண்ணியதில்லை. கைவிளக்கை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அச்சு, திருப்பத்தண்டு, சக்கரத்தைத் தாங்கும் கைகள்: இவற்றில் கயிறு கட்டினால் வண்டி வெளியே வரும், ஓடாது. ஓரத்தில் மெல்லிய தகட்டு வளையங்கள் இருந்தன. கப்பலிலோ பார வண்டியிலோ ஏற்றும்போது வண்டி ஆடாமலிருக்கக் கீழ்நோக்கிக் கட்டுவதற்காக வைத்தவை. சேற்றிலிருந்து பிடுங்கும் விசையை அவை தாங்கா. முகப்பில் மரை திருகிச் செருகும் கொக்கி, பழுதான வண்டியைச் சமதளச் சாலையில் மெல்ல இழுப்பதற்கு மட்டும்.

"அப்படியானால் சரியானது எது?"

"வளையத்தப் பாக்காதீங்க. அது எங்க போய் முடியுதுன்னு பாருங்க. வண்டியோட முதுகெலும்பு இந்த ரெண்டு நீள இரும்பு. சேசிஸ். அதுல தடிமனான போல்ட்டால இறுக்கின பிடியா இருந்தா நம்பலாம். எவ்வளவு இழுவை தாங்கும்னு செஞ்சவங்க சொல்லியிருக்கணும். ரெண்டு பக்கமும் இருந்தா ரெண்டுலயும் பூட்டி பாரத்தப் பகிர்ந்துக்கணும். நேரா இழுக்கணும், கோணலா இழுக்கக்கூடாது."

படுத்த நிலையிலேயே எனக்குச் சொல் கிடைத்தது: அது மீட்புப் பிடி, மற்றது கட்டு வளையம். எழுந்து சேலையை உதறியபோது சைதன்யா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எழிலி மொழிபெயர்த்தாள்: "'உன் பெரியம்மாவும் தேர்வுக்கு வந்தால் நான் விலகிக்கொள்கிறேன்'ங்கறான்."

அன்று மாலை ஓர் ஈரானியத் தேநீர்க்கடையில் இம்தியாஸைச் சந்தித்தோம். நரைத்த தாடி, இடுப்பில் வலிக்கான அகன்ற பட்டை. இருக்கை உறை தைக்கும் கடை வைத்திருப்பவர். பாலாடை படிந்த கெட்டித் தேநீரில் உப்பும் இனிப்பும் கலந்த பிசுக்கோத்தை நனைத்து எனக்குத் தின்னக் கற்றுத்தந்தார். அவருடைய தக்கணி இந்தி, ஒவ்வொரு சொல்லையும் வெற்றிலை போல மென்று வருவது. சோதனை என்னவென்று கேட்டேன்.

"சைதன்யாவின் வண்டியை எல்லி மீட்க வேண்டும்; எல்லியின் வண்டியைச் சைதன்யா மீட்க வேண்டும். இருவரும் நன்றாகச் செய்வார்கள், அம்மா. எனக்கு அது தெரிய வேண்டியதில்லை. பத்துப் பேர் சுற்றி நின்று கத்தும்போது 'நக்கோ' என்று சொல்ல யாருக்கு வாய் வருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

நக்கோ என்றால் வேண்டாம். எழிலி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தந்தையின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத பெண் அவள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை எழிலி கயிறுகளையும் கருவிகளையும் ஒழுங்கு செய்யச் சென்றுவிட்டாள். நான் முற்றத்தில் அமர்ந்து கையேட்டைத் தமிழாக்கினேன். தங்கராசு அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எழுதியதை வாய்விட்டுப் படித்து ஓசை பார்ப்பது என் பழக்கம்.

"மீட்புப் பிடிகள் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படுமாறு, அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசுதல் வேண்டும்" என்று படித்தேன்.

செய்தித்தாள் தாழ்ந்தது. "இன்னொரு தடவ படிங்க, மதினி."

படித்தேன். அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். சற்று நேரத்தில் வண்ணப் பூச்சின் மணம் முற்றம் வரை வந்தது. நான் அடுத்த வரிக்குப் போனேன். அந்த மணத்தின் பொருளை நான் உணரவேயில்லை.

ஞாயிறு காலை உறையை விலக்கினார். ஜீப்பின் கீழே ஓட்டை உள்ள இரும்பு எதுவோ அதெல்லாம் செக்கச் சிவந்திருந்தது. முன்னே நான்கு, பின்னே இரண்டு. பின்புறத்துக் குண்டுக்கும் சிவப்பு. எழிலி முன்பே சைதன்யாவின் வண்டியில் ஆயத்தப் பணிக்காகச் சென்றிருந்தாள். இவ்வழகை அவள் காணவில்லை. தங்கராசு ஓட்ட, நான் அவருக்கருகில் அமர, கண்மணி புளியோதரைத் தூக்குகளோடு பின்னால் ஏற, நாங்கள் பார்வையாளராகப் புறப்பட்டோம். சோதனைக்கு எழிலி ஓட்டப்போவதும் இந்த ஜீப்பைத்தான்.

நகருக்கு வடக்கே, வற்றிக் கிடந்த ஓர் ஏரிப் படுகை. குழுவினரின் வண்டிகள் அக்கரையில் நின்றன. இடையே ஓர் அகன்ற ஓடை, நீரின்றி, மேலே வெடித்த மண்ணோடு. எல்லோரும் மேற்கே இருந்த பாறைத் தளத்தைச் சுற்றிக் கடந்திருந்தனர். அக்கரையில் ஒரு வேம்பு நிழல் விரித்திருந்தது.

"சாப்பாடு வெயில்ல இருக்கக்கூடாது. நேரா போனா நிழல்" என்றார் தங்கராசு.

"மற்றவர்கள் சுற்றிச் சென்றிருக்கிறார்களே, தம்பி?"

"அவங்க சிவிலியன்ஸ், மதினி."

ஓடையின் மேல்மண் எங்களைப் பாதி தூரம் மதித்தது. பிறகு அப்பளம் போல நொறுங்கியது. கீழே இருந்தது கரிய களி. ஜீப் மூக்கைத் தாழ்த்தி, முன்சக்கரங்கள் மறைய, முகப்புக் கம்பி வரை இறங்கி நின்றது. சக்கரம் சுழலச் சுழல இன்னும் அமிழ்ந்தது. கண்மணி பின்னாலிருந்து, "சிவிலியன்ஸ் சிரிக்கிறாங்க, பாருங்க" என்றாள்.

அக்கரையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தனர். என்னையும் கண்மணியையும் பலகை போட்டு இறக்கினர். புளியோதரைக்கு எங்களைவிடக் கூடுதல் மரியாதை கிடைத்தது. இம்தியாஸ் இடுப்பில் கையூன்றி ஜீப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் முகில் திரண்டுகொண்டிருந்தது. மழை விழுந்தால் படுகை முழுவதும் குழம்பாகிவிடும், வண்டி வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும் என்றார். பிறகு எழிலியை நோக்கிச் சொன்னார்: "விளையாட்டுச் சோதனை வேண்டாம். இதுதான் சோதனை. செய்."

தங்கராசு அதற்குள் கட்டளையிடத் தொடங்கிவிட்டார். "பின்னாடி ரெண்டு ரிங்கு இருக்கு, சுத்தமா, சேறு படாம. மாட்டு, பின்னாடி இழு. அஞ்சு நிமிச வேலை!"

சைதன்யா கயிற்றோடு வந்துவிட்டார். அன்று படுகையில் எல்லோரும் பேசிய கலவை மொழியை நான் தமிழாக்கியே தருகிறேன். "அங்கிள் சொல்றது சரிதானே, எல்லி? சிவப்பு அடிச்சிருக்கு. ரூல் ரூல்தான்."

"அந்தச் சிவப்பு யார் அடிச்சது?" என்றாள் எழிலி.

"நான்தான். எல்லாமே ரெக்கவரி பாயிண்ட்தான். நானே என் கையால அடிச்சேன்!"

எழிலி வண்டியின் பின்னே மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தாள். சுரண்டும் ஒலி கேட்டது. வெளியே வந்தபோது திருப்புளி முனையில் சிவப்புச் செதில்களும் துருவும் இருந்தன. "அப்பா, இது மெல்லிசு தகடு. ஒட்டி வெச்சிருக்கு. சேசிஸ் வரைக்கும் போகவே இல்ல. கப்பல்ல கட்டற வளையம் இது."

"நீ சின்னப் பிள்ளையா இருந்ததிலருந்து இந்த வண்டிய நான் பாக்கேன்..."

"குண்டுலயாவது மாட்டு, எல்லி, மழை வருது!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "பரீட்சைல பேப்பரே புரியல போல" என்றார் இன்னொருவர். சைதன்யா, "போஜனம் ஆறிப்போகுது, ஆண்ட்டிக்குப் பசிக்குது" என்று என்னைச் சாக்கிட்டார்.

எழிலியின் முகம் சிவந்தது. அவள் தந்தையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அவள் 'சரி' என்று சொல்லிவிடுவாள் என்றே அந்த நொடியில் எண்ணினேன்.

"நக்கோ" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. ஆயினும் எல்லோர்க்கும் கேட்டது. "பின்னாடி எதுலயும் யாரும் கயிறு மாட்டக்கூடாது. முன்னாடி தோண்டப் போறோம். அக்கரைல கெட்டி மண் இருக்கு, நேரா இழுக்கலாம். மண்வெட்டி எடுங்க. அப்பா, நீங்களும்."

தங்கராசு மண்வெட்டியை எடுத்தார்.

களி என்பது தோண்டத் தோண்டத் திரும்பி வரும் பொருள். ஆளுக்கொரு கருவியை எடுத்தனர். போதாதவர் தட்டுகளால் வாரினர். கண்மணி தூக்கின் மூடியால் வாரினாள். நானும் ஓர் எவர்சில்வர் தட்டோடு இறங்கினேன். என் வெள்ளைச் சேலை அன்றோடு வெள்ளையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. முகப்புக் கம்பியின் கீழ்ப்பகுதி தெரிந்தது. அங்கே சேறு அப்பிய நான்கு வளையங்கள், நான்கும் சிவப்பு. எவை பிடி, எவை கட்டு வளையம் என்று, அவற்றை மாட்டிய எழிலிக்கே கண்ணால் பிரிக்க இயலவில்லை.

எழிலி குப்புறப் படுத்துத் தோள்வரை சேற்றுக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் உள்ளே எதையோ வாசித்தன. முதல் வளையத்திலிருந்து கையை எடுத்தாள்: "இல்ல." அடுத்ததில் நெடுநேரம் தேடினாள். "போல்ட் இருக்கு. தடிமனா. பின்னாடி சேசிஸ். இதுதான்." மறுபக்கம் தவழ்ந்து சென்று அதன் இணையையும் கண்டாள். இரண்டிலும் தன் கழுத்துத் துண்டைக் கிழித்துக் கட்டி அடையாளமிட்டாள்.

இரு பிடிகளையும் ஒரு குறுங்கயிற்றால் இணைத்து, அதன் நடுவில் இழுகயிற்றைப் பூட்டினாள். மறுமுனை இம்தியாஸின் வண்டிக்கு. அங்கே அவர் தாமே பூட்டப் போனபோது, "இருங்க பாய், உங்களதையும் பாக்கறேன்" என்று அவருடைய வண்டியின் பின்பிடியையும் குனிந்து சோதித்தாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார். இம்தியாஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டார். பிறகு ஈரச் சாக்கைக் கயிற்றின் மேல் போட்டாள். அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமுக்குமாம். எங்கள் அனைவரையும் கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவுக்குப் பக்கவாட்டில் துரத்தினாள். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு முன்னே வந்த சைதன்யாவை, "படம் நல்லா வரும், நீ வரமாட்ட. தள்ளு" என்று விரட்டினாள்.

இம்தியாஸ் தம் வண்டியில் ஏறினார். தங்கராசு ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மகளின் கையசைவையே பார்த்திருந்தார். கை உயர்ந்தது. கயிறு நீண்டு விறைத்தது. ஜீப் ஒருமுறை முனகி எழும்பி, மறுபடி சரிந்தது.

"சொன்னேன்ல, பின்னாடியே இழுத்திருக்கலாம்" என்றது கூட்டம்.

எழிலி இரு கைகளையும் குறுக்கே வைத்து நிறுத்தினாள். மறுமுறை இழு என்று சொல்லவில்லை. சக்கரங்களில் காற்றைக் குறைத்தாள். அடிவயிறு தரையில் தட்டி நிற்பதைக் கண்டு அங்கே இன்னும் தோண்டச் சொன்னாள். சக்கரங்களுக்கு முன்னே மண்ணைச் சரிவாக வெட்டினாள். முதல் தூறல் என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. ஒருவரும் கத்தவில்லை, தோண்டிக்கொண்டிருந்தனர், சைதன்யா எல்லோரையும்விட விரைவாக.

மறுபடி கை உயர்ந்தது. கயிறு விறைத்தது. களியிலிருந்து ஒரு பெருமூச்சு; உறிஞ்சும் ஒலி; முன்சக்கரங்கள் சரிவைக் கவ்வின. கரிய உடம்போடு, நீரிலிருந்து கரையேறும் எருமையைப் போல, ஜீப் மெல்ல, மிக மெல்ல, ஏறி வந்து கெட்டி மண்ணில் நின்றது.

அந்த ஆரவாரத்தை விவரிக்க என்னிடம் நல்ல தமிழ் இல்லை. நானே என் வயதுக்கு ஒவ்வாத ஓர் ஒலியை எழுப்பினேன் என்று கண்மணி பிற்பாடு சொன்னாள். சைதன்யா எழிலியைத் தோளில் தட்டி, "என் வண்டில இருக்கற குண்டையும் கழட்டிக் குடுத்துடு" என்றார். தங்கராசு இறங்கினார். ஜீப்பைச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து, இரு கைகளாலும் சேற்றை அள்ளி, தாம் பூசிய சிவப்பு வளையங்களின் மேல் அப்பினார், குண்டையும் விடவில்லை. முன்னே வந்து பொய் வளையங்கள் இரண்டிலும் அப்பினார்.

"வீட்டுக்குப் போனதும் இதெல்லாம் கறுப்பு" என்றார். மகளைப் பார்த்துப் படை முறையில் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

வேம்பின் கீழ் புளியோதரையைச் சேற்றுக் கைகளால் தின்றோம். ஐதராபாத்தினர் புளியோதரையை 'பிரியாணியின் தம்பி' என்றனர்; கண்மணி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். என் கையேட்டிலும் அங்கேயே ஒரு வரி திருத்தினேன்: முதலில் பிடி எது என்று உறுதி செய்க, அதன்பின்னரே வண்ணம் பூசுக.

தூறல் வலுப்பதற்குள் புறப்பட வேண்டும். வண்டிகள் ஒவ்வொன்றாக வரிசையில் சேர்ந்தன. இக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மீட்புப் பொறுப்பாளரின் வண்டி எல்லா வண்டிக்கும் பின்னால் வரும். முன்னே செல்லும் எவர் சிக்கினாலும் அவர் வந்து சேர்வார் என்னும் நம்பிக்கையில்தான் மற்றவர்கள் முன்னே செல்கின்றனர். குழு தோன்றிய நாளிலிருந்து அந்தக் கடைசி இடம் இம்தியாஸின் வண்டிக்கே உரியது.

எழிலி ஜீப்பைக் கிளப்பி, தன் வழக்கமான இடமான வரிசையின் நடுவில் நுழையப் பார்த்தாள். இம்தியாஸ் தம் வண்டியைச் சட்டென்று அந்த இடைவெளிக்குள் செலுத்தி அடைத்துக்கொண்டார். அவள் ஒலி எழுப்பினாள். அவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"என்ன பாய், நீங்க பின்னாடி போகலையா?"

"ஹவ்" என்றார், ஆமாம் என்பதற்கு இவ்வூர்ச் சொல். "எனக்கு முதுகு வலிக்கிறது. இனி முன்னால் யாராவது சிக்கினால் நீ பார்த்துக்கொள்."

கண்ணாடி ஏறியது. வேறு அறிவிப்பு எதுவும் இல்லை. எழிலி ஜீப்பை வரிசையிலிருந்து விலக்கி ஓரமாக நிறுத்தினாள். பின்னிருக்கையில் தங்கராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்மணி என் கையைப் பற்றிக்கொண்டாள்.

வண்டிகள் ஒவ்வொன்றும் எங்களைக் கடந்து முன்னே சென்றன. ஒவ்வொன்றும் ஒலி எழுப்பிச் சென்றது. எல்லாம் சென்ற பின், எழிலி மெல்ல ஜீப்பை நகர்த்தினாள். மழைக்குள், எல்லோருக்கும் கடைசியாக, நாங்கள் ஐதராபாத்தை நோக்கிச் சென்றோம்.